ஆணிக்காட்டில் பொன்

ஒருவர் கால்நீட்டிப் படுக்கும் கோரைப்பாய் அளவுக்குத்தான் தரை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டனோலி ஊருக்கு அருகே ஒரு வறண்ட ஓடைச் சரிவில், போன குளிர்காலத்தில் அந்தப் பாயளவு இடத்தைத் தோண்டி முடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. மாலையில் வாளியைக் கவிழ்த்து எண்ணினேன். சதுரத் தண்டுள்ள ஆணிகள் 27. பூட்ஸின் அடியில் அறைகிற குமிழாணிகள் 11. லாட ஆணிகள் 4. துருவேறிய தகர டப்பாவின் விளிம்புகள், ஒரு பிக்காசின் முறிந்த நுனி, எதற்குப் பயன்பட்டதென்று சொல்ல முடியாத ஒரு கம்பிச் சுருள். இரும்பல்லாதவை மூன்றே மூன்று: ஓர் ஈயக் குண்டு, ஒரு பித்தளைப் பொத்தான், அரிசியைவிடச் சற்றே பருத்த ஒரு தங்கத் துணுக்கு. எடை கால் கிராமைக் கொஞ்சம் தாண்டும்.

அந்தத் துணுக்கின் மேலாக என் உலோக டிடெக்டரின் காயில், அதாவது தரையைத் தடவும் கம்பிச்சுருள் தட்டு, காலையிலேயே இரண்டு முறை போயிருந்தது. இரும்பை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் ஒலிக்கச் செய்யும் ‘இரும்பு விலக்கு’ அமைப்பு அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. கருவி வாயைத் திறக்கவில்லை. துணுக்கிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஓர் ஆணி கிடந்திருக்கிறது. பிற்பகலில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, ஆணியையும் தோண்டி எடுத்துவிட்டு, மறுபடி தடவியபோதுதான் மெல்லிய, சீரான ஓர் ஒலி எழுந்தது. பழைய இரும்பு சிதறிக் கிடக்கும் நிலத்தில் தங்கம் தேடுகிற இந்த வேலையைப் பற்றி எனக்கிருந்த கருத்தை அந்த ஒலி மாற்றியது.

இரும்பு ஏன் அங்கே அவ்வளவு கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1851-இல் விக்டோரியாவில் தங்கம் இருக்கும் செய்தி பரவியது. அந்த ஆண்டு சுமார் 77,000 பேர் வாழ்ந்த அந்தக் குடியேற்றத்தில் பத்தே ஆண்டில் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாலராட், பெண்டிகோ, காசில்மெயின், டனோலி என்று ஓடை ஓடையாக மக்கள் இறங்கினார்கள். கூடாரம் அடிக்க ஆணி, குடிசை கட்ட ஆணி, பூட்ஸில் ஆணி, குதிரைக் குளம்பில் ஆணி. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தங்கத்தைப் பிரிக்க, வட்டமான தொட்டியைச் சுற்றிக் குதிரைகளை நாள் முழுக்க நடக்கவிட்டார்கள். அந்த வட்டங்களின் ஓரத்தில் இன்றும் லாட ஆணி பொறுக்கலாம். சீனச் சுரங்கத்தார் தங்கிய முகாம்களில் வார்ப்பிரும்பு வாணலியின் சில்லுகள் கிடைக்கின்றன. தங்கம் தீர்ந்ததும் எல்லாரும் அடுத்த ஓடைக்குக் கிளம்பிப் போனார்கள். இரும்பு அங்கேயே தங்கிவிட்டது.

தமிழர்களுக்குத் தங்க வயல் என்றால் கோலார்தான் நினைவுக்கு வரும். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தச் சுரங்கத்தில் தங்கம் கடினப் பாறையின் நரம்புக்குள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இருந்தது. 2001-இல் மூடப்பட்ட அந்த வயலில் கையில் டிடெக்டரோடு நடப்பவருக்கு வேலை இல்லை. விக்டோரியாவின் நடுப்பகுதி வேறு விதம். அங்கே பாறை சிதைந்து கரைந்து, தங்கம் கட்டி கட்டியாக மேல்மண்ணிலேயே தங்கியிருக்கிறது. 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகலில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் ஒரு மரத்தின் வேர்களுக்கிடையே கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டி தரையிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. அதில் தேறிய தங்கம் மட்டும் 70 கிலோவுக்கு மேல். டனோலியில் அதை நிறுக்கத் தக்க தராசு இல்லாததால் கொல்லனின் பட்டடைக்கல்லில் வைத்து உடைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் டிடெக்டர்கள் வந்தன. 1980 செப்டம்பரில் கிங்கோவர் அருகே கெவின் ஹிலியர் டிடெக்டரால் கண்டெடுத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோவைத் தாண்டியது. லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதி அதைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தச் செய்திக்குப் பின் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் காடுகளில் காயிலை வீசிக்கொண்டு நடந்திருப்பார்கள்! இரும்பு இல்லாத சரிவுகளை எல்லாம் திரும்பத் திரும்பத் தடவிவிட்டார்கள். காதைப் பிளக்கும் குப்பைமேடுகளை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆகவே இன்று மிச்சமிருக்கும் தங்கத்தில் ஒரு பங்கு ஆணிகளின் காவலில்தான் இருக்கிறது. இரும்பைச் சபிக்கிற தேடுநர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த இரும்பு இல்லாதிருந்தால் உங்களுக்கு முன் வந்தவர் அந்தத் தங்கத்தை எடுத்துப்போயிருப்பார்.

சரி, கருவி எப்படி இரும்பைக் கண்டுகொள்கிறது? காயிலில் மின்சாரம் மாறிமாறி ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. அது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அந்த ஓட்டம் தனக்கென ஒரு சின்னப் புலத்தை எழுப்புகிறது. அதைக் காயில் பிடித்துக்கொள்கிறது. அனுப்பியதற்கும் திரும்பி வருவதற்கும் நடுவே ஒரு தாமதம் உண்டு. வெள்ளிக் காசுக்கு ஒரு மாதிரித் தாமதம், அலுமினியத் தாளுக்கு ஒரு மாதிரி. இரும்பு மட்டும் இரண்டு குரலில் பேசுகிறது. அதில் மின்னோட்டமும் எழுகிறது. கூடவே அதுவே காந்தமாகவும் மாறுகிறது. அந்த இரண்டாவது குரலை வைத்துத்தான் ‘இது இரும்பு’ என்று கருவி முடிவு கட்டுகிறது.

இந்த முடிவில் ஊகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஓர் ஆணி படுத்துக் கிடந்தால் ஒரு குரல், நட்டுக்குத்தாக நின்றால் வேறு குரல். அகலமான தகர மூடி இருந்தால் சுழல் மின்னோட்டம் மேலோங்கி, இரும்பு என்ற அடையாளமே மறைந்துபோய், அது வெள்ளிக் காசு போல இனிமையாகப் பாடும். தங்கம் நல்ல மின்கடத்திதான். ஆனால் இயற்கைத் தங்கத்துணுக்கு சிறியது, சொரசொரப்பானது, வெள்ளி கலந்தது. அதில் எழும் ஓட்டம் நொடியில் செத்துவிடும். எனவே அதன் குரல் அலுமினியத் தாளுக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது. யானையையும் எறும்பையும் பிரிப்பது போன்ற எளிய வேலையாக இதை விளம்பரங்கள் காட்டுகின்றன. உண்மையில் இது இருட்டில் இரண்டு எறும்புகளைப் பிரிக்கிற வேலை.

இந்தச் சிக்கல் இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த ஈயக் குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தன் மின்தூண்டல் தராசோடு வெள்ளை மாளிகைக்குப் போனார். ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக வேலை செய்த கருவி நோயாளியின் மேல் தெளிவில்லாத முனகலையே தந்தது. படுக்கைக்கு அடியில் இரும்புக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்ததைப் பெல் பிற்பாடு அறிந்துகொண்டார். இன்னொன்றும் நடந்தது. குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று மருத்துவர் முன்பே தீர்மானித்திருந்ததால் தேடலும் அந்தப் பக்கத்தைச் சுற்றியே நடந்தது. குண்டு இருந்தது இடப்பக்கத்தில். கார்ஃபீல்ட் செப்டம்பரில் இறந்தார். கீழே கிடக்கும் இரும்பு, மேலே நிற்பவரின் முன்முடிவு: இந்த இரண்டும் சேர்ந்தால் நல்ல கருவியும் தோற்றுவிடும். 140 ஆண்டுகளுக்குப் பிறகும் டனோலியின் ஓடைகளில் அதேதான் நடக்கிறது. இரும்பு விலக்கு என்பது மருத்துவரின் அந்த முன்முடிவை மின்சுற்றுக்குள் ஏற்றி வைத்ததுதான் என்பது என் எண்ணம்.

ஆனாலும் அந்த அமைப்பை ஒரேயடியாகத் தூக்கி எறிவது நியாயமாகாது. கடற்கரையில் தொலைந்த மோதிரம் தேடுபவருக்கும் புல்வெளியில் பழைய காசு தேடுபவருக்கும் அது பெரும் துணை. அங்கே தேடப்படுவது ஓரளவு பெரியது, ஆழம் குறைவு, மண்ணும் சாது. தங்கம் தேடுவோருக்கும் ஒருவகையில் பயன்படும்: புது இடத்துக்குப் போனதும் எங்கே ஆணி அடர்த்தியாகக் கிடக்கிறது, எங்கே குறைகிறது என்று அரைமணி நேரத்தில் வரைபடம் போல மனதில் பதித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. முதுமையில் முழங்கால் வலியோடு வருகிற தேடுநர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளில் 20 குழிதான் அவர்களால் தோண்ட முடியும். அந்த 20-ஐ எங்கே தோண்டுவது என்று ஏதோ ஓர் அடிப்படையில் முடிவெடுத்தாக வேண்டும். கருவியின் ஊகம் பல வேளை மனித ஊகத்தைவிட மேலானதுதான். எனக்கு உள்ள குறை, அந்த ஊகத்தைத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தின் மீது.

கடையில் செய்து காட்டும் சோதனையைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு மரப்பலகையில் ஆணி, பக்கத்தில் ஒரு தங்கத்துணுக்கு. காயிலை ஆட்டினால் ஆணிக்கு உறுமல், தங்கத்துக்குக் கூவல். மனம் குளிர்ந்து பணத்தைக் கொடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தச் சோதனை காற்றில் நடந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விக்டோரியாவின் தங்க மண் சிவப்பு. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். மண் தானாகவே ஒரு சிக்னலைத் தந்துகொண்டிருக்கிறது, அதுவும் இரும்பின் குரலுக்கு நெருங்கிய குரலில். மேலாகக் கிடக்கும் தங்கம் அந்த இரைச்சலை மீறிப் பேசும். அதே துணுக்கு ஒரு சாண் ஆழத்தில் இருந்தால் அதன் சன்னக் குரல் மண்ணின் குரலோடு கலந்து, கருவியின் கணக்கில் இரும்பாகவே பதிவாகிறது. ஆக, எந்தத் தங்கத்தை முன்னால் வந்தவர்கள் எடுக்கவில்லையோ, அதாவது ஆழத்தில் இருப்பதை, இந்த அமைப்பு இரும்பென்று தள்ளிவிடுகிறது. பார்க்கப்போனால் இதுதான் இதன் மிகப் பெரிய குற்றம். மிக எளிதாகக் கிடைக்கும் தங்கத்தைத்தான் அது சரியாகச் சொல்கிறது.

இரண்டாவது குறை மறைப்பு. ஐந்து கிராம் ஆணியின் பக்கத்தில் கால் கிராம் தங்கம். ஆணியை ‘வேண்டாம்’ என்று தள்ளிய பிறகு கருவியின் மின்சுற்று அடுத்த ஒலிக்குத் தயாராகச் சற்று நேரம் பிடிக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். அதற்குள் வீசுகிற கையோடு காயில் தங்கத்தைத் தாண்டிப் போய்விடும். பறையடிக்கும் இடத்தில் பக்கத்தில் நின்று பேசுகிறவரின் வாய் அசைவது தெரிகிறது, சொல் கேட்பதில்லை, அதுபோல. என் பாயளவு நிலத்தில் நடந்தது இதுவே. இதற்கு மருந்து சின்னக் காயில். உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு போதும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் அது பார்க்கும். கையை மெல்ல ஆட்ட வேண்டும், ஒரே இடத்தைக் கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்கு தெற்காக ஒருமுறை கடக்க வேண்டும். நீளவாக்கில் கிடக்கும் ஆணி இரண்டு முனைக்கும் சேர்த்து இருமுறை ஒலிக்கும். குறுக்கே திரும்பிக் கடந்தால் ஒலி ஒன்றாகிவிடும். தங்கத்துணுக்கு எந்தத் திசையிலிருந்து போனாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி பேசும். இந்தக் காதுப் பழக்கம் எந்த விலையுயர்ந்த கருவியோடும் இலவசமாக வருவதில்லை.

அதிக அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகள் சின்னத் தங்கத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஃபிஷரின் கோல்ட் பக் 2 நொடிக்கு 71,000 அதிர்வுகளிலும், மைன்லேபின் கோல்ட் மான்ஸ்டர் 45,000 அதிர்வுகளிலும் ஓடுகின்றன. மறுபக்கம் பல்ஸ் வகைக் கருவிகள். தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனத்துக்காக புரூஸ் கேண்டி வடிவமைத்து 1995-இல் வெளிவந்த எஸ்டி 2000 இந்தத் தொழிலையே புரட்டிப்போட்டது. இடைவிடாத அலைக்குப் பதில் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, அணைத்துவிட்டு, அந்த மௌனத்தில் காது கொடுக்கிறது. சிவப்பு மண்ணின் இரைச்சலை அடக்கி, முன்பு எட்டாத ஆழத்துக்குப் போயிற்று. அதன் பலவீனம் நேர் எதிரானது: இரும்பைப் பிரித்தறிவதில் மிகவும் மட்டம். ஆழத்தில் கிடக்கும் தங்கத்தைச் சொல்லும் அதே உற்சாகத்தோடு ஆழத்தில் கிடக்கும் லாடத்தையும் சொல்லும். முழங்கை ஆழம் தோண்டி லாடத்தை எடுத்தவருக்குத் தெரியும் அந்த வேதனை. ஆனாலும் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ‘இங்கே ஏதோ இருக்கிறது, என்னவென்று நீ பார்’ என்று அது சொல்கிறது. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதில்லை.

ஆகவே அனுபவசாலிகள் பலரும் வந்து சேர்ந்த முறை, ஒலித்ததையெல்லாம் தோண்டுவது. கேட்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். செய்யும்போது அது நுணுக்கமான கைவேலை. முதலில் தரையில் கிடக்கும் சருகையும் கற்களையும் வாரிவிட்டு, வலுவான காந்தத்தை நிலத்தோடு ஒட்டி இழுத்தால் மேலாகக் கிடக்கும் ஆணிகள் பாதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிக்காசின் தலையிலும் ஒரு காந்தம் இருக்கும். சிக்னல் வந்த இடத்தைக் கொத்தி, மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளிக் காயில்மேல் காட்ட வேண்டும். ஒலித்தால் பாதியைக் கையில் கொட்டிக்கொண்டு மீதியைக் காட்ட வேண்டும். ஒலிக்கிற பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். நாலைந்து முறையில் கரண்டியில் ஒரு சிட்டிகை மண் மிஞ்சும். அதைக் காயிலின் மேல் மெல்லத் தூவினால், மண் ஓசையில்லாமல் விழும். தங்கம் விழும்போது காயில் ‘டப்’ என்று சொல்லும். இரும்பாக இருந்தால் காந்தத்தில் தாவி ஏறியிருக்கும்.

ஊரில் நகைப்பட்டறையில் ஆசாரி செய்வதும் இதுதான். அராவிய தூளைத் தட்டில் கூட்டி, அதன்மேல் காந்தத்தைக் காட்டி, அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் தூளை முதலில் விலக்கிவிட்டுத்தான் மிச்சத்தை உருக்குவார். அவர் ஊகித்து ஒதுக்குவதில்லை. கையால் பிரித்துக் கண்ணால் பார்த்த பிறகே ஒதுக்குகிறார். எல்லாவற்றையும் தோண்டும் முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது: இரும்பா பொன்னா என்ற தீர்ப்பு மண்ணுக்கு மேலே வந்த பிறகு நடக்கிறது.

இந்த முறைக்கும் விலை உண்டு. என் பகல் முழுவதற்கும் கிடைத்தது கால் கிராம். பெட்ரோல் செலவுக்குக்கூடப் போதாது. வருமானத்துக்கென்று இதில் இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், அதை ஒளிக்க வேண்டியதில்லை. 50 ஆணிக்குப் பிறகு கை சோர்கிறது, காது சோர்கிறது, 51-ஆவதைத் தோண்டாமல் விட்டுவிடத் தோன்றுகிறது. சோர்ந்த மனிதனும் ஒருவகை இரும்பு விலக்குதான். பழைய சுரங்கக் கழிவு மேடுகளில் ஆர்செனிக் இருப்பதால் தூசியை மூச்சில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. குழியை மூடாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். இருட்டில் கங்காருவின் கால் போய் அதில் மாட்டும்.

ஆனால் இந்த முறையின்மேல் நான் வைக்கும் கடுமையான குற்றச்சாட்டு வேறு. இரும்பை ஒதுக்குகிறவரும் இரும்பைத் தோண்டி வாளியில் போடுகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இருவருக்கும் அது குப்பை. அந்த ஆணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் சுத்தியல் பட்ட தடம் இருந்தால் கொல்லன் கையால் அடித்தது. தகட்டிலிருந்து வெட்டியது போல இரண்டு பக்கம் தட்டையாக இருந்தால் இயந்திரத்தில் வெட்டியது. உருண்ட தண்டு என்றால் கம்பியிலிருந்து செய்தது; அது பெருவழக்காக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். எந்த ஆணி எங்கே, எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால், அங்கே நின்றது கூடாரமா பலகைக் குடிசையா, எந்தக் காலத்தில், எத்தனை நாள் என்றெல்லாம் சொல்ல முடியும். அந்த ஓடைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தில் எதையும் விட்டுப்போகவில்லை. அவர்களைப் பற்றி நமக்கு மிஞ்சிய சாட்சி அந்த வாளியில் கிடப்பதுதான். இடத்தை விட்டுப் பெயர்ந்தபின் அது வெறும் பழைய இரும்பு.

டிடெக்டரே அந்தச் சாட்சியைக் காப்பாற்றவும் முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983-இல் காட்டுத்தீ புல்லை எரித்துவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் டிடெக்டரில் தேர்ந்த தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டு, ஒலித்த இடத்திலெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை அளந்து குறித்த பிறகே எடுத்தார்கள். தோட்டா உறை, ஈயக் குண்டு, இரும்பு அம்புமுனை, பூட்ஸ் ஆணி என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. தோட்டா உறைகளில் பதிந்த தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக்கூடக் கண்டார்கள். 1876-இல் நடந்த அந்தப் போரைப் பற்றி நூறாண்டுகளாகச் சொல்லப்பட்ட கதைகள் திருத்தப்பட்டன. ஒலித்ததையெல்லாம் எடுப்பது என்ற அதே முறை. ஒரு கொடியும் ஒரு குறிப்பேடும் மட்டுமே கூடுதல்.

விக்டோரியாவில் சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. ‘மைனர்ஸ் ரைட்’ என்ற உரிமம் உள்ளவர் அனுமதிக்கப்பட்ட அரசு நிலத்தில் கைக்கருவிகளால் தங்கம் தேடலாம். அந்த உரிமத்துக்கே ஒரு வரலாறு உண்டு. மாதா மாதம் பிடுங்கப்பட்ட உரிமக் கட்டணத்தை எதிர்த்து 1854 டிசம்பரில் பாலராட்டின் யுரேகாவில் சுரங்கத்தார் ரத்தம் சிந்தியதன் பலனாக, 1855-இல் ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்று வந்தது. இன்று அதே நிலத்தில் வரலாற்றுத் தொல்லிடங்களை மாநிலத்தின் 2017-ஆம் ஆண்டு மரபுச் சட்டம் காக்கிறது. பட்டியலில் ஏறாத இடத்துக்கும் அந்தக் காப்பு உண்டு. பூர்வகுடிகளின் மரபிடங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்த நிலம் ஜா ஜா வுருங் மக்களுடையது. தங்க வேட்டை அவர்கள் வாழ்வைக் குலைத்துப் போட்டது. சட்டம் தெளிவு. காட்டுக்குள் நிற்பவருக்குத் தெளிவில்லை. ஓடை மண்ணில் தானாக அடித்துவரப்பட்ட ஒற்றை ஆணிக்கும், 15 அடி தள்ளி இடிந்துகிடக்கும் குடிசையின் ஆணிக்கும் நடுவே யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. உரிமம் வாங்கும்போதே அந்தக் கோட்டைக் கண்ணால் காண ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் பாதி அழிவு நிற்கும் என்று நம்புகிறேன்.

அழிவு என்று சும்மா சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குடிசையின் கற்புகைபோக்கி அடித்தளம் என் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஓர் ஆப்பிள் மரம், யாரோ அன்று நட்டது. அடுப்புக் கற்களைச் சுற்றி ஆணிகள் மிக அடர்த்தி. ஆறு மாதம் கழித்துப் போனபோது யாரோ அடுப்படியையே கொத்திப் புரட்டியிருந்தார்கள். கற்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஆணிகளை ஒரு குவியலாக வேருக்குப் பக்கத்தில் கொட்டியிருந்தார்கள். அடுப்படியில் தங்கம் புதைத்து வைத்திருப்பார்கள் என்ற பழைய நம்பிக்கை. அவருக்குக் கிடைத்ததா என்று தெரியாது. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் செய்ததும் ஒலித்ததையெல்லாம் தோண்டும் முறைதான், நான் நல்ல முறை என்று நண்பர்களிடம் புகழ்கிற அதே முறை.

அதிலிருந்து நான் வேலையை வேறு விதமாகச் செய்கிறேன். ஓடைப்படுகையிலும் களிமண் கரைத்த வட்டங்களின் வெளிப்புறக் கழிவிலும் இரும்பு விலக்கை அணைத்துவிட்டு, சின்னக் காயிலோடு, ஒலித்ததையெல்லாம் எடுக்கிறேன். அங்கே பொருள்கள் ஏற்கெனவே நீரிலும் சேற்றிலும் இடம் பெயர்ந்தவை. ஆணி அடர்ந்து, கல் அடுக்கு தெரிந்து, கண்ணாடிச் சில்லும் பீங்கான் ஓடும் கூடிக் கிடந்தால் பிக்காசைத் தரையில் வைத்துவிடுகிறேன். விலக்கு அமைப்பை அங்கேதான் போடுகிறேன், ஆனால் தலைகீழாக: ஆணி எங்கே கூடுகிறது என்று பார்த்து அந்த எல்லைக்கு வெளியே நிற்பதற்கு. தங்கம் தேட வாங்கிய கருவி, எங்கே தேடக் கூடாது என்பதையும் சொல்லித் தருகிறது.

போன மாதம் இன்னொரு சரிவில் அப்படி ஓர் அடுப்படியைக் கண்டேன். நடந்துபோகையில் காயில் தற்செயலாக அதன் ஓரத்தைக் கடந்தது. மெல்லிய, சீரான ஒலி. குறுக்கே திரும்பிக் கடந்தேன், அதே ஒலி. கை தானாக இடுப்பில் இருந்த பிக்காசுக்குப் போயிற்று. ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்தேன், இரண்டு படம் எடுத்தேன், மாநில மரபுத் துறைக்கு அனுப்ப வேண்டிய விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு சரிவில் 30 அடி இறங்கி, ஓடைப்படுகையில் மறுபடி காயிலைத் தாழ்த்தினேன். முதலில் வந்தது ஒரு லாட ஆணி.